ஃப்ரீமாண்ட் தெருக்களைக் காக்க எதைக் கேட்பது: தடைப் பலகையா, வேகத்தடையா, ராம்ப் மீட்டரா?

மாலை நாலு மணிக்கு மேல் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் மிஷன் சான் ஹோசே பக்கம் வண்டி எடுத்தவர்களுக்கு இந்தச் சிக்கலை விளக்க வேண்டியதில்லை. வடக்கே போகும் 680 ஃப்ரீவே சுனோல் மேட்டுக்கு முன்னால் நின்றுவிடுகிறது. நின்ற கூட்டத்தில் ஒரு பகுதி ஆட்டோ மால் பார்க்வேயிலோ அதற்கு முன்பேயோ இறங்குகிறது. ஊருக்குள் புகுந்து மிஷன் பூலவார்டு, பசேயோ பாட்ரே பார்க்வே, ட்ரிஸ்கால் ரோடு என்று கிடைத்த சாலையில் ஓடி, வாஷிங்டன் பூலவார்டு ராம்பிலோ (ஃப்ரீவேயில் ஏறும் இணைப்புச் சாலை) அதற்கடுத்த மிஷன் பூலவார்டு ராம்பிலோ மறுபடி 680-இல் ஏறுகிறது. ஊரில் இவர்களுக்கு வேலை எதுவும் இல்லை. ஃப்ரீவேயில் நிற்கும் சில நூறு வண்டிகளைத் தாண்டுவதற்கு மட்டுமே நம் தெரு தேவைப்படுகிறது.

இவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்க எனக்கு மனமில்லை. வேலை சான் ஹோசேயிலும் சாண்டா கிளாராவிலும் இருக்கிறது. கட்டுப்படியாகும் வீடு மேட்டுக்கு அந்தப் பக்கம் டப்ளினிலோ, சான் ரமோனிலோ, இன்னும் தள்ளி ட்ரேசியிலோ கிடைக்கிறது. நம் நண்பர்களும் உறவினர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். கைப்பேசி "இப்படித் திரும்பினால் ஆறு நிமிடம் மிச்சம்" என்று சொன்னால் குழந்தையை டேகேரிலிருந்து அழைக்கப் போகும் அப்பா திரும்பத்தான் செய்வார். ஆனால் அந்த ஆறு நிமிடத்துக்கான விலையை இந்த ஊர் கொடுக்கிறது. பள்ளியிலிருந்து சைக்கிளில் வரும் பிள்ளைகள் மிஷன் பூலவார்டைக் கடக்க முடியாமல் நிற்கிறார்கள். ஆம்புலன்ஸுக்கு ஒதுங்கி வழிவிட இடம் இருப்பதில்லை. ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் நம் அப்பா அம்மாக்களுக்கு மாலை நடைதான் இங்கே கிடைக்கும் ஒரே சுதந்திரம். அவர்கள் பசேயோ பாட்ரேயைக் கடக்க அஞ்சி வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

எனவே நகராட்சியிடம் எதைக் கேட்பது என்ற கேள்வி முக்கியமானது. ஆளுக்கொன்றாகக் கேட்டால் எதுவும் நடக்காது. பேசப்படும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து எடைபோட்டுப் பார்க்கிறேன்.

முதலில் எல்லோர் வாயிலும் வருவது திரும்பல் தடை. மாலை இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை இந்தத் தெருவில் திரும்பக் கூடாது என்று பலகை வைப்பது. ஃப்ரீமாண்ட் நகராட்சி மிஷன் சான் ஹோசே பகுதியில் இதை ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறது. செலவு குறைவு, சில வாரங்களில் நடைமுறைக்கு வந்துவிடும். இன்னொரு பெரிய பலனும் உண்டு. "எங்கள் தெருவைக் காட்டாதீர்கள்" என்று கெஞ்சினால் வேஸ், கூகுள் மேப்ஸ் போன்ற செயலிகள் கேட்பதில்லை. பொதுச்சாலை என்றால் அது எல்லோருக்கும் பொதுவானது என்பது அவர்கள் வாதம். ஆனால் சட்டப்படி போடப்பட்ட தடையை வரைபடத்தில் ஏற்றிக்கொள்கிறார்கள். ஆகவே பலகையைப் படிக்காத ஓட்டுநரையும் செயலி வழியாகத் தடுக்க முடிகிறது.

குறை என்னவென்றால், பலகை எல்லோரையும் ஒன்றாக நடத்துகிறது. அந்தத் தெருவிலேயே குடியிருப்பவரும் திரும்ப முடியாது. சுற்றித்தான் வீட்டுக்கு வர வேண்டும். காவலர் நிற்காத நாளில் மீறுகிறவர்கள் கூடிவிடுவார்கள். அதைவிட முக்கியமானது: ஒரு தெருவை அடைத்தால் கூட்டம் அடுத்த தெருவுக்குப் போகிறது. தடை போட்ட தெருக்காரர் நிம்மதியாகத் தூங்க, அடுத்த தெருக்காரர் மனு எழுத ஆரம்பிக்கிறார். மலையேறும் ஒற்றை லேன் சாலையான மாரிசன் கேன்யன் ரோட்டில்கூட செயலிகள் வண்டிகளை ஏற்றிவிட்டதையும், கடைசியில் அதை வண்டிகளுக்கு மூட நேர்ந்ததையும் இங்கே பலர் நினைவில் வைத்திருப்பார்கள். அது ஆளரவம் குறைந்த மலைச்சாலை என்பதால் மூட முடிந்தது. மிஷன் பூலவார்டை மூட முடியுமா?

வேகத்தடைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குடியிருப்பின் உள்தெருவில் அவை நல்லவை, வேகத்தைக் குறைக்கும். பசேயோ பாட்ரே போன்ற பெரிய சாலைக்கு ஒத்துவராது. தீயணைப்பு வண்டி ஒவ்வொரு மேட்டிலும் விநாடிகளை இழக்கும், பேருந்து தாமதமாகும். சிக்னல் நேரத்தை வேண்டுமென்றே நீட்டி ஊர்ச்சாலையை மந்தமாக்கும் யோசனையும் இதே வகைதான். வெளியூர்க்காரருக்கு வலிக்கும் அளவுக்கு மந்தமாக்கினால் உள்ளூர்க்காரருக்கு நாள் முழுதும் வலிக்கும்.

மூன்றாவது, கோபத்தில் பிறக்கும் யோசனை: வெளியாட்களுக்குத் தெருவையே மூடிவிடுவது. நியூ ஜெர்சியில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் லியோனியா என்ற சிற்றூர் 2018 ஜனவரியில் இதைச் செய்தது. சுமார் 60 தெருக்களில் காலையும் மாலையும் நெரிசல் நேரத்தில் ஊர்க்காரர் அல்லாதவர் நுழையக் கூடாது, மீறினால் 200 டாலர் அபராதம் என்று அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கலிஃபோர்னியாவில் இந்தக் கதவு அதற்கும் வெகுகாலம் முன்பே சாத்தப்பட்டுவிட்டது. 1979-இல் லாஃபயெட் நகரம் ஒரு சாலைக்குக் கதவு வைத்து, குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் திறக்கும் ஏற்பாட்டைச் செய்யப் பார்த்தபோது, பொதுச்சாலையை அப்படிப் பங்குபோட முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டத்தை விடுங்கள், எனக்கு அந்தத் தீர்ப்பே சரியென்று படுகிறது. இன்று நாம் டப்ளின்காரரைத் தடுத்தால் நாளை பிளசன்டனில் நம்மைத் தடுப்பார்கள்.

நான்காவது, ஃப்ரீவேயையே பெரிதாக்குவது. 680-இல் தெற்கு நோக்கிய எக்ஸ்பிரஸ் லேன் (தனியாகப் போகிறவர் கட்டணம் கொடுத்து ஓட்டும் லேன்) 2010-இலும், ஆட்டோ மால் பார்க்வேயிலிருந்து மாநிலச் சாலை 84 வரை சுமார் 9 மைல் நீளமுள்ள வடக்கு நோக்கிய லேன் 2020-இலும் திறக்கப்பட்டன. திறந்தபோது தொற்றுக்காலம் என்பதால் சாலைகள் காலியாக இருந்தன. லேன் உதவியது, மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு லேனுக்குப் பணமும் மலைச்சரிவில் இடமும் தேட வேண்டும், அது வருடக்கணக்கில் ஆகும். இந்த ஆண்டு பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அது பதில் ஆகாது.

மிச்சம் இருப்பது ராம்ப் மீட்டர், அதாவது ராம்பில் வண்டிகளை ஒவ்வொன்றாக விடும் சிக்னல். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டும். நம்மில் பலர் இதை ஃப்ரீவேக்கான கருவி என்றே நினைக்கிறோம், ஊர்த் தெருவைக் காக்கும் கருவி என்று நினைப்பதில்லை.

ராம்பில் ஏறும்போது ஒரு கம்பத்தில் சிறிய சிக்னல், பக்கத்தில் "ஒரு பச்சைக்கு ஒரு கார்" என்று பலகை. பச்சை ஒன்றிரண்டு விநாடிதான். ஒரு வண்டி போனதும் சிவப்பு. அடுத்த முறை நிற்கும்போது தரையைப் பாருங்கள். நிறுத்தக் கோட்டுக்கு அருகே வட்ட வட்டமாகத் தாரில் வெட்டி மூடிய தடங்கள் தெரியும். அதற்குள் கம்பிச்சுருள் இருக்கிறது. மேலே வண்டி நின்றால் உணர்ந்துகொள்ளும். அதே சுருள்கள் ஃப்ரீவே லேன்களிலும், ராம்பின் தொடக்கத்தில் ஊர்ச்சாலையை ஒட்டியும் பதிக்கப்பட்டிருக்கும். ஃப்ரீவே எவ்வளவு நெரிசலாக இருக்கிறது, ராம்பில் வரிசை எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று இவற்றை வைத்தே கட்டுப்பாட்டுப் பெட்டி கணக்குப் போடுகிறது.

இதன் வரலாறு 1963-இல் சிகாகோவில் தொடங்குகிறது. ஐசன்ஹவர் எக்ஸ்பிரஸ்வே ராம்பில் ஒரு போலீஸ்காரர் நின்று கையால் வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டார். பலன் உண்டா என்ற சந்தேகத்துக்கு நல்ல பதில் மினியாபொலிஸில் கிடைத்தது. அங்கே மக்களும் அரசியல்வாதிகளும் மீட்டர்களை வெறுத்தார்கள். 2000 அக்டோபரில் அந்த மாநகரப் பகுதியின் சுமார் 430 மீட்டர்களையும் சில வாரங்கள் அணைத்துப் பார்த்தார்கள். ஃப்ரீவேக்கள் சுமந்த வண்டிகள் 9 சதவீதம் குறைந்தன. பயண நேரம் 22 சதவீதம், விபத்துகள் 26 சதவீதம் கூடின. மீட்டர்களை மறுபடி போட்டார்கள். ஆனால் பழைய கெடுபிடியோடு போடவில்லை. ராம்பில் யாரும் 4 நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். மக்களின் கோபத்திலும் நியாயம் இருந்தது என்பதை அந்த வரம்பு ஒப்புக்கொள்கிறது.

மீட்டர் ஏன் உதவுகிறது? ஃப்ரீவே ஒருமுறை நின்றுவிட்டால் அது நகரும்போது கடத்தும் அளவை விடக் குறைவாகவே கடத்துகிறது. ஆய்வுகளில் இந்த இழப்பு பொதுவாக 5 முதல் 10 சதவீதம். கூட்டமாக வந்து ஒரே நேரத்தில் இடையில் நுழையும் வண்டிகளைப் பிரித்து விட்டால் அந்த நிலை தள்ளிப்போகும். இது ஃப்ரீவேக்கான பயன்.

ஊருக்கான பயன் வேறு. கோயிலில் தர்ம தரிசன வரிசையிலிருந்து விலகி, பிராகாரத்தைச் சுற்றி வந்து, சன்னிதி வாசலில் நுழைந்துகொள்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். பிராகாரம் முழுக்க ஆள் நிறுத்தி அவரைத் தடுக்க முடியாது. வாசலில் ஒரே ஒருவர் நின்று, "பக்கவாட்டிலிருந்து வருபவர்கள் பத்து நிமிடம் நில்லுங்கள்" என்றால் போதும். நாலு நாளில் யாரும் சுற்ற மாட்டார்கள். நம் ஊருக்குள் புகும் வண்டி எந்தத் தெருவில் ஓடினாலும் கடைசியில் ஒரு ராம்பில் ஏறித்தான் ஆக வேண்டும். அங்கே காத்திருக்கும் நேரம், தெருவில் ஓடி மிச்சம் பிடித்த நேரத்தைச் சாப்பிட்டுவிட்டால், இறங்குவதற்கே காரணம் இல்லை.

செயலிகளும் இதைப் புரிந்துகொள்ளும். பலகை வைத்தால் அதை யாராவது வரைபடத்தில் ஏற்ற வேண்டும். ராம்பில் நிற்கும் கைப்பேசிகளோ தாங்கள் நிற்பதைத் தாங்களே சொல்லிவிடுகின்றன. ஏறும் இடத்தில் நாலைந்து நிமிடத் தாமதம் தெரிந்தால் "ஆறு நிமிடம் மிச்சம்" என்ற வரி திரையில் வரவே வராது. செயலிக்குக் கணக்கு ஒன்றுதான், நேரம். மீட்டர் அந்த நேரத்தையே மாற்றுகிறது. மற்ற வழிகளைவிட இதை நான் உயர்வாக மதிப்பதற்கு இதுதான் காரணம்.

இது கற்பனையும் அல்ல. நெதர்லாந்தில் முதல் ராம்ப் மீட்டர் 1989-இல் ஆம்ஸ்டர்டாமின் கோயன் சுரங்கப்பாதைக்கு அருகே வந்தது. நெடுஞ்சாலை வரிசையைத் தாண்டுவதற்காக உள்சாலைகளில் புகுந்து வந்தவர்களின் தொல்லை அங்கே பெரிய காரணம்.

இனி சிக்கலுக்கு வருகிறேன். கலிஃபோர்னியாவில் மீட்டரை இயக்குவது மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்ட்ரான்ஸ். ஒரு பச்சைக்கு ஒரு கார் என்றால் ஒரு லேனில் மணிக்கு 240 முதல் 900 வண்டி வரை விடுவது அவர்கள் நடைமுறை. 240 என்றால் 15 விநாடிக்கு ஒன்று, 900 என்றால் 4 விநாடிக்கு ஒன்று. முன்னால் 20 வண்டி நின்றால் முதல் விகிதத்தில் 5 நிமிடம் காத்திருக்க வேண்டும். இரண்டாவதில் 80 விநாடி. 80 விநாடி யாரையும் தடுக்காது. ஆகவே "எங்கள் ராம்பில் மீட்டர் இருக்கிறதே, ஒன்றும் ஆகவில்லையே" என்று யாராவது சொன்னால், எந்த விகிதத்தில் ஓடுகிறது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

விகிதத்தை இறுக்கினால் வரிசை நீளும். ஒரு காருக்குச் சுமார் 25 அடி என்று வைத்தால் 20 காருக்கு 500 அடி. ராம்பில் அவ்வளவு இடம் இல்லாவிட்டால் வரிசையின் வால் மிஷன் பூலவார்டில் வந்து நிற்கும். எந்தச் சாலையைக் காக்க நினைத்தோமோ அதையே அடைக்கும். அப்படி நேராமல் இருக்க, ராம்பின் தொடக்கத்தில் உள்ள சுருள் நிறைந்தவுடன் மீட்டர் தானாகவே வேகமாக விட ஆரம்பிக்கும். பாதுகாப்புக்கு அது தேவைதான். ஆனால் அந்த நிமிடத்திலேயே தடுக்கும் சக்தி போய்விடுகிறது.

ஒரு உதாரணக் கணக்கு. இரண்டு லேன் ராம்ப், லேனுக்கு 240, ஆக மணிக்கு 480 வண்டி ஏறலாம். வருவது 600 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 120 வண்டி மிஞ்சும். இருபது நிமிடத்தில் 40 வண்டி சேர்ந்து, லேனுக்கு 20 ஆக 500 அடியை நிரப்பிவிடும். ஆனால் வருபவர்கள் கல் அல்ல. காத்திருப்பு 3 நிமிடம், 4 நிமிடம் என ஏறும்போதே சிலர் ஃப்ரீவேயிலேயே தங்கிவிடுவார்கள். வருவது 480-க்கு இறங்கியதும் வரிசை அதற்குமேல் வளராது. இந்தச் சமநிலை ராம்பின் இடத்துக்குள் ஏற்பட்டால் ஊர் தப்பியது. இடத்தைத் தாண்டிய பின் ஏற்பட்டால் தோல்விதான். ராம்பை அகலப்படுத்தி ஒரு லேனை இரண்டாக்குவது ஏன் முக்கியம் என்பது இதில் தெரிகிறது. சிமெண்ட்டும் தாரும் செலவாகும் இடம் இதுதான், இதற்காக வாதாடலாம்.

உள்ளூர்க்காரருக்கு அநியாயம் என்று ஒரு எதிர்ப்பு வரும். மீட்டருக்கு முகவரி தெரியாது. ஃப்ரீமாண்ட்டிலேயே குடியிருந்து பிளசன்டனுக்குப் போகிறவரும் நிற்க வேண்டும். தூரத்திலிருந்து வருபவர் ஃப்ரீவேயில் சீராகப் போக, பக்கத்து வீட்டுக்காரர் ராம்பில் நிற்பது என்பது மினியாபொலிஸிலும் எழுந்த புகார்தான். இதை மூடிமறைக்க வேண்டாம். ஆனால் மாலை ஐந்து மணிக்கு ஃப்ரீமாண்ட் குடும்பங்களில் பெரும்பாலோர் எந்தத் திசையில் போகிறார்கள்? வீட்டுக்கு. அந்த நேரத்தில் வடக்கே ஏறும் ராம்ப் அவர்களுக்கு அதிகம் வேண்டியதில்லை. வீட்டுக்கு முன்னால் இருக்கும் தெருதான் வேண்டும். சிலருக்கு ராம்பில் நாலு நிமிடம், எல்லோருக்கும் தெருவில் இரண்டு மணி நேர நெரிசல் என்று வந்தால் நான் முதலாவதை ஏற்பேன். கார்பூலுக்கும் பேருந்துக்கும் ராம்பிலேயே தனி லேன் கொடுத்தால் வலி இன்னும் குறையும்.

மீட்டர் பொருத்தும் வரிசையிலும் கவனம் தேவை. மிஷன் பூலவார்டு ராம்பை மட்டும் இறுக்கினால் கூட்டம் ஒரு ராம்ப் முன்னதாக வாஷிங்டனில் ஏறும். மீட்டரே புதிய குறுக்குவழியை உண்டாக்கும் ஆபத்து இது. ஸ்காட் க்ரீக், மாநிலச் சாலை 262, ஆட்டோ மால், வாஷிங்டன், மிஷன் என எல்லா வடக்கு ராம்புகளும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். மேட்டுக்கு நெருங்க நெருங்க விகிதம் இறுக வேண்டும்.

ஒரு ஓட்டையை மீட்டரால் அடைக்கவே முடியாது. அது நைல்ஸ் கேன்யன். ஊருக்குள் புகுந்து நைல்ஸ் வழியாக 84-ஐப் பிடித்து சுனோல் போகிறவர் ஃப்ரீமாண்ட்டில் எந்த ராம்பையும் தொடுவதில்லை. 680 ராம்புகள் இறுகினால் அந்த இரண்டு லேன் பள்ளத்தாக்குச் சாலையில் கூட்டம் கூடலாம். நைல்ஸ்காரர்கள் இதைக் கேட்டு எதிர்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்தப் பக்கத்துக்குத் திரும்பல் தடைதான் கருவி.

ஆகவே என் தேர்வு: மீட்டர் முதலில், பலகை இரண்டாவது, வேகத்தடை பள்ளியை ஒட்டிய உள்தெருக்களுக்கு மட்டும். பலகைகளை எடுத்துவிடச் சொல்லவில்லை. மீட்டர் சரியாக ஓடத் தொடங்கும்வரை அவை இருக்கட்டும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, கூட்டம் திரும்பி வராத தெருவில் நிரந்தரமாக எடுத்துவிடலாம்.

நகரமன்றத்தில் பேசப் போகிறவர்கள் "நெரிசலைக் குறையுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். வடக்கு ராம்புகள் ஒவ்வொன்றும் மாலை 3 முதல் 7 வரை எந்த விகிதத்தில் ஓடுகின்றன? வரிசை நிறைந்து மீட்டர் திறந்துவிடும் நேரம் ஒரு மாலைக்கு எத்தனை நிமிடம்? ராம்பில் இன்னும் எத்தனை வண்டி நிற்க இடம் உண்டாக்கலாம்? இந்த எண்களைக் கால்ட்ரான்ஸிடமிருந்து நகராட்சி கேட்டு வாங்கி வெளியிட வேண்டும். விகிதத்தை மாற்றும் முன்பும் பின்பும் மிஷன் பூலவார்டு, பசேயோ பாட்ரே, நைல்ஸ் கேன்யன் மூன்றிலும் வண்டிகளை எண்ண வேண்டும். நைல்ஸில் கூடினால் அந்த மாதமே அங்கே தடைப் பலகை வைக்கும் அதிகாரம் நகராட்சிப் பொறியாளர் கையில் முன்கூட்டியே இருக்க வேண்டும்.